சாவி கேட்டு வாங்கிப் பார்க்கும் மியூசியங்கள்

1

ஆஸ்திரேலியாவுக்கு வந்தால் எங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று திருவொற்றியூரிலிருந்து யாராவது போனில் கேட்டால், நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் கடற்கரையையும் கங்காருவையும் எதிர்பார்க்கிறார்கள். நான் ஏதோ ஒரு சின்ன ஊரின் எல்லையில் நிற்கும் தகரக் கொட்டகையைச் சொல்கிறேன். வாசலில் ஒரு பழைய பீரங்கி நிற்கும். கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு மதியம் மட்டும் திறப்போம், மற்ற நாட்களில் ரொட்டிக் கடைக்குப் பக்கத்து வீட்டில் சாவி கேளுங்கள் என்று ஒரு அட்டை தொங்கும். அதுதான் மியூசியம்.

"அதுல இன்னா கீது?" என்று கேட்பார்கள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். போகட்டும்.

என் பெயர் குமரேசன். எண்ணூர் போகிற சாலையில் ஒரு இன்ஜின் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது மெல்பர்னிலிருந்து மேற்கே தள்ளி, ஒரு பால் பவுடர் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். கண்டம் மாறியதே தவிர கையில் இருக்கிற கிரீஸ் மாறவில்லை. மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், நித்யா.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நித்யா என்னிடம் கேட்ட ஒரு கேள்வி. அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இந்த மியூசியப் பைத்தியம் எனக்கு இன்ஜினால் பிடித்தது. வந்த புதிதில் ஒரு நீண்ட விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் ஓர் ஊரில் டீ குடிக்க நிறுத்தினால், எதிரே கொட்டகைக்குள் இரண்டாம் உலகப் போர்க்கால லாரி ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே போனவன் வெளியே வரவில்லை. செல்வி காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்த பிறகுதான் வந்தேன்.

அதன்பின் எங்கே போனாலும் பெரிய சாலையை விட்டுவிட்டு உள்ளே புகுந்து போவது என் வழக்கமாயிற்று. அநேகமாக எல்லாக் கொட்டகையிலும் ஒரே சாமான்கள்தான் இருக்கும். துணிக்கடைப் பொம்மைக்குத் தலையைக் கழற்றிவிட்டு ராணுவ உடை மாட்டியிருப்பார்கள். பிஸ்கட் டப்பா, தண்ணீர்க் குடுவை, யாரோ போர்முனையில் நின்று எழுதிய தபால் கார்டு. பீரங்கிக்கு வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட்டையே அடித்திருப்பார்கள். சுவர் நிறையப் படங்கள். எல்லாம் அந்த ஊர்ப் பையன்கள். தொப்பி வைத்துக்கொண்டு, இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்காத முகங்கள்.

"லீவு வுட்டா மனுசன் கோயிலுக்குப் போவான், பீச்சுக்குப் போவான். நீ இன்னாடான்னா ஓட்ட லாரியப் பாக்க பெட்ரோல் போட்டுகினு போற" என்பாள் செல்வி. சொல்லிவிட்டு லெமன் சாதம் கட்டிக்கொண்டு கூடவே வருவாள்.

நான் லாரிக்கு அடியில் படுத்து அதன் அச்சையும் பல்சக்கரத்தையும் ஆராய்ந்துகொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நித்யா, சாவியோடு வந்த பெரியவரிடம் உட்கார்ந்து கதை கேட்பாள். இவன் என் சித்தப்பா, இவன் எங்கள் தபால்காரரின் மகன் என்று அவர் ஒவ்வொரு படமாகக் காட்டுவார். போருக்குப் போனவர்களின் படத்துக்குக் கீழே சிவப்புக் காகிதப் பூ ஒன்றைச் செருகி வைப்பது இங்கே மரியாதை. குழந்தை என்பதால் அவளிடம் பூவைக் கொடுத்து வைக்கச் சொல்வார்கள். எந்தப் படத்துக்குப் பூ இல்லையோ அதைத் தேடிப் போய் வைப்பாள். "பாவம்ப்பா, இவுருக்கு யாருமே வெக்கல" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவள் பேசும் தமிழ் என் தமிழ். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் "கீது, வூடு என்றெல்லாம் பேசக் கூடாது" என்று டீச்சர் கண்டித்து அனுப்பியபோது எனக்கு வந்ததே ஒரு கோபம்! எங்க ஊரில் லட்சக்கணக்கானவர்கள் பேசுகிற பேச்சு இந்தம்மாவுக்கு இளப்பமா? நேரே போய்க் கேட்டுவிட்டேன். டீச்சர் அதன் பிறகு என்னைக் கண்டால் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

3

பள்ளியில் நித்யா நம் ஊர் என்.சி.சி. மாதிரியான ராணுவ கேடட் பிரிவில் சேர்ந்தாள். இங்கே ஆளைக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் வழக்கப்படி அவளுக்குக் குடும்பப் பெயர் என்றால் அப்பன் பெயர்தானே? அணிவகுப்பைப் பார்க்கப் போனால், சார்ஜென்ட் மைதானம் அதிர "குமரேசன்! முதுகை நிமிர்த்து!" என்று அதட்டுகிறார். ஓரமாக நின்றுகொண்டிருந்த நான் நிமிர்ந்துவிட்டேன். செல்விக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

பதினேழு வயதில் ஒருநாள் நித்யா ராணுவத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அடிபட்டவர்களைத் தூக்கிவந்து முதலுதவி செய்யும் பிரிவாம். பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றவர் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

செல்வி என்னைத்தான் பார்த்தாள். "ஊரூரா இட்டுகினு போயி பீரங்கி காட்டுனது யாரு? நீயே போடு. நான் சத்தியமா போட மாட்டேன்."

எனக்கும் மனம் வரவில்லை. நான் காட்டியது இன்ஜின். அவள் பார்த்தது ஆட்களை. இதை முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையை எங்கேயோ கண்காணாத பாலைவனத்துக்கு அனுப்ப என்னால் முடியாது. அதை அவளிடம் நேராகச் சொல்லவும் முடியவில்லை. "ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்" என்று தள்ளிப் போட்டேன்.

அதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் தம்பி ரவி இந்திய ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே மலைப் பக்கம் எல்லையில் இருக்கிறான். அவன் மனைவி மகேஸ்வரி, நாங்கள் மகேசு என்போம், திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கையைத் தனியாக ஓட்டுகிறவள். அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நித்யாவுக்குப் புத்தி வரும், நாம் வாயே திறக்க வேண்டாம் என்று நினைத்தேன். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நித்யாவும் மட்டும் பொங்கலை ஒட்டிக் கிளம்பினோம்.

4

ஊரில் போய் இறங்கியதும் நித்யா கேட்ட முதல் கேள்வி, "இங்க சாவி வாங்கிப் பாக்குற மியூசியம் எதுனா கீதாப்பா?"

என் சிநேகிதன் பாஷாவிடம் கேட்டேன். தண்டையார்பேட்டைக்காரன், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். "மியூசியமா? மாமு, எக்மோர்ல கீது, கோட்டைல கீது. இந்தாண்ட கண்டெய்னர் லாரிதான் கீது" என்றான். ஆனாலும் அடுத்த நாளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ராயபுரம் போய் அந்தப் பழைய ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தோம். பிறகு பாரிமுனைக்குப் போனோம். முதல் உலகப் போரில் எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டுபோட்டுவிட்டுப் போனது நமக்குத் தெரியும். அந்தக் கப்பலைப் பிறகு அடித்து முடித்தது ஆஸ்திரேலியக் கப்பல். எம்டனின் இரும்புத் துண்டு என்று ஒன்றை ஒரு கொட்டகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறோம். குண்டு விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நித்யா ஒற்றைக் காலில் நின்றாள். ஐகோர்ட்டுச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. பஸ் புகையில் கறுத்துப்போய், எதிரே ஜூஸ் வண்டியோடு.

"அட! தெனம் இந்த வழியாத்தான் போய்க்கினு கீறேன். இப்பத்தான் மாமு பாக்குறேன்" என்றான் பாஷா.

நித்யா நடைபாதையில் ஒரு முழம் பூ வாங்கி, கல்வெட்டின் மேல் விளிம்பில் வைத்தாள். ஜூஸ்காரர் வந்து பார்த்தார். "இன்னா சாமி இது?" என்றார். செத்துப்போனவங்களுக்கு மரியாதை என்று நித்யா சொல்ல, அவர் தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு கிளாஸ் சாத்துக்குடி கொடுத்தார். "சோக்கா வளத்துகிறடா பொண்ண" என்று பாஷா என் முதுகில் தட்டினான். எனக்கும் நெஞ்சு விரிந்தது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டத்தான் செய்தோம்.

திரும்பும்போது அவன் இரும்புக் கடைக்குப் போனோம். கப்பல் தகடு, தண்டவாளத் துண்டு, பழைய கிரேனின் கை என்று மலையாகக் குவிந்து கிடந்தது. நித்யா ஒவ்வொன்றாக இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"எல்லாமே மியூசியம்தாம்மா. ஒரே பேஜாரு இன்னான்னா, நாளைக்கு வந்தா இருக்காது. லாரி வந்தா ஏத்தி வுட்ருவேன்" என்றான் பாஷா.

5

எங்கள் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு மேலே மூன்று படங்கள் மாட்டியிருக்கின்றன. அப்பா, அம்மா, அவர்களுக்குப் பக்கத்தில் சீருடையில் ரவி. அப்பா, அம்மா படங்களுக்குச் சந்தன மாலையும் ஒரு சின்னச் சிவப்பு பல்பும் உண்டு. ரவி படம் வெறுமனே இருக்கும். அது ஏன் என்று நம் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

என் மகளுக்கு அதை நான் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை.

மறுநாள் மதியம் நான் உள் அறையில் படுத்திருந்தேன். மகேசு பள்ளிக்குப் போயிருந்தாள். நித்யா கோயில் தெருவுக்குப் போய் மாலை கேட்டிருக்கிறாள். "சாமிக்கா, போட்டோவுக்கா?" என்று பூக்காரர் கேட்க, "போட்டோவுக்கு" என்று இவள் சொல்ல, அளவாக ஒரு ரோஜா மாலை கட்டிக் கொடுத்திருக்கிறார். நாற்காலி போட்டு ஏறி, ரவி படத்துக்குச் சாத்திவிட்டு, சித்தி வந்தால் சந்தோஷப்படுவாள் என்று சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

கேட் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே வந்தேன். மகேசு வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது. கண் சுவரில் இருந்தது.

"எப்ப சொன்னாங்க மாமா?" என்றாள்.

சுவரைப் பார்த்தேன். ரவி படத்தில் ரோஜா மாலை. தான் வீட்டில் இல்லாத நேரத்தில் தகவல் வந்துவிட்டது, பெரியவன் நான் இருந்து மாலையும் போட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"ஐயோ, இல்லம்மா! ஒண்ணும் இல்ல! யாரும் போன் பண்ணல!" ஓடிப்போய் மாலையைப் பிய்த்து எறிந்தேன். ரோஜா இதழ் கூடமெல்லாம் சிதறியது. "நித்யாதான் தெரியாம போட்டுட்டா. சத்தியமா ஒண்ணும் இல்ல மகேசு!"

அவள் நம்பவில்லை. "எங்கிட்ட மறைக்காதீங்க மாமா. எதுவா இருந்தாலும் சொல்லிருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ரவிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. வழக்கமாக அப்படித்தான் சொல்லும். அன்றைக்கு அதைக் கேட்டதும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகை கேட்டு எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாசலில் கூட்டமும் தரையில் ரோஜாவும் இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு "ரவியா?" என்றாள்.

டீ டம்ளரோடு வந்து நின்ற நித்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கத்தினேன். "அறிவுகீதா உனக்கு? உயிரோட கீறவன் போட்டோவுக்கு எவனாவது மாலை போடுவானா?"

"தாத்தா பாட்டிக்குப் போட்டுகீது, சித்தப்பாக்கு யாருமே போடல... மரியாதைக்குத்தாம்ப்பா போட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

யாரோ போன் பண்ணிச் சொல்ல, பாஷா கடையிலிருந்து ஓடிவந்தான். கூட்டத்தைக் கலைத்தான். "தங்கச்சி, கொயந்த தெரியாம பண்ணிட்ச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆவாது, அல்லா கீறான்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். மகேசு போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்துவிட்டாள். நித்யா அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். கிட்டே போகவும் பயம், எழுந்து போகவும் மனசில்லை. நான் துடைப்பத்தை எடுத்து இதழ்களைக் கூட்டினேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரவி கூப்பிட்டான். "இன்னா இத்தினி மிஸ்டு கால்? டூட்டில இருந்தேன், டவர் இல்ல." மகேசு "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். போனை நான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "இன்னா மாலைண்ணா? ரோஜாவா, சாமந்தியா?"

"ரோஜா."

"பரவால்லியே, செலவு பண்ணிகிறாளே! அவளாண்ட குடு." நித்யா போனை வாங்கிக் காதில் வைத்தாள். "அயாதடி. நீ போட்டதுல சித்தப்பாக்கு ஆயுசு கெட்டி" என்று அவன் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. அவ்வளவு நேரம் அழாதவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

6

மறுநாள் மகேசு வழக்கம்போல நித்யாவுக்கு இட்லி எடுத்து வைத்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார்கள். நித்யா சாப்பிட்டுவிட்டு வெளியே போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "மகேசு, அவளும் இதே வேலைக்குத்தான் போறேன்னு நிக்கிறா. நீ ஒரு வார்த்த வேணாம்னு சொன்னா கேட்டுப்பா."

கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "வேணாம்னு நான் எப்படி மாமா சொல்றது? அப்படிச் சொன்னா இவர வேணாம்னு சொன்ன மாதிரி ஆவும். போன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. என்ன வுட்டுருங்க."

என் கணக்கு அத்தோடு முடிந்தது.

விமானத்தில் நித்யா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அப்பா, நீ கையெழுத்து போட வேணாம்" என்றாள். மனசு மாறிவிட்டது என்று எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது.

"சேரலியாம்மா?"

"சேருவேன். பதினெட்டு ஆவட்டும், அப்ப யார் கையெழுத்தும் கேக்க மாட்டாங்க. நீ போட்டு எனக்கு எதுனா ஆச்சுன்னா, நாந்தானே போட்டேன், நாந்தானே போட்டேன்னு பொலம்பிகினே இருப்ப. ஒரு மாலை போட்டதுக்கே நான் இன்னும் அப்டித்தான் கீறேன்."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு யோசிக்கிற பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று சந்தோஷப்படுவதா, அவளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அழுவதா என்று தெரியாமல், விமானப் பெண் கொண்டுவந்த டீயைக் குடித்தேன்.

திரும்பி வந்த பிறகும் கொட்டகைகளுக்குப் போகாமல் இல்லை. பழக்கம் விடுமா? ஆனால் இப்போது லாரிக்கு அடியில் படுப்பதில்லை. படங்களின் முன்னால் நிற்கிறேன். ஒவ்வொரு படமும் முதலில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததுதான். அதைக் கழற்றி, துடைத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தது ஓர் அம்மாவாகவோ தங்கையாகவோ இருக்கும். இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் எதைப் பார்த்தேன் என்று ஆத்திரமாக வருகிறது.

நித்யாவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராணுவ விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். செல்வி சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மகளோடு அவளுக்குப் பேச்சு பாதிதான். ஆனால் மகளுக்குப் பிடித்த சட்னிதான் அரைபட்டது.

"அப்பா, உன் போன் நம்பர் அதேதானே?" என்றாள் நித்யா.

"ஏன்?"

"எதுனா ஆச்சுன்னா மொதல்ல யாராண்ட சொல்லணும்னு கேக்குது. உன் பேரு போட்டுகிறேன்."

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "அம்மா பேரப் போடேம்மா. பெத்தவ. தெரிஞ்சா வருத்தப்படுவா" என்றேன்.

"மொதல்ல அம்மா பேருதாம்ப்பா போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அவங்க இங்கிலீஷ்லதானே சொல்லுவாங்க? அம்மாவாண்ட யாராச்சும் தமிழ்ல சொல்லணும்ல?"

நான் நம்பரைச் சொன்னேன். தட்டியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லி, சரிதானா என்று பார்த்துக்கொண்டேன்.